மண்சுவருக்குப் பாவாடை

புஷ்பம் குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். நான் எங்கள் புது வீட்டின் கூடத்துக்குள் நின்றேன். நனைந்தது நான்தான்.

வைகாசியின் முதல் பெருமழை அது. இலங்கையில் எங்கள் தெஹியோவிட்டப் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு விளக்கிப் பயனில்லை. பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது, அவ்வளவுதான். கூடத்தின் நடுவே மேலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொட்டியது. கூரை ஒழுகவில்லை. காற்று வரட்டும் என்று நானே யோசித்து, நானே கட்டி, நானே தென்மேற்குப் பக்கம் வாய் திறந்து வைத்த கோபுரம் வழியாகத்தான் கொட்டியது.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமிருந்துதான் மழையும் வரும். எங்கள் இறப்பர் தோட்டத்தில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பாலைவனத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த எனக்கு மட்டும் மறந்துபோயிருந்தது.

“உள்ள வா புஷ்பம், நனைஞ்சிறப் போற!” என்று கத்தினேன்.

“உள்ள வந்தாத்தாங்க நனையணும். நான் இங்கயே இருக்கேன்!” என்று அவளும் கத்தினாள். சிரித்தாளா, முறைத்தாளா என்று மழையில் தெரியவில்லை.

பிறகு அவள் என்னை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே. அந்தச் சுவர் கல் இல்லை, சீமெந்து இல்லை, வெறும் மண். “ஒரு மழைக்காலம் தாங்கட்டும், அப்புறம் வர்றேன்” என்று சொல்லியிருந்தாள் என் மனைவி. அந்த வீட்டில் அவள் குடியிருப்பாளா மாட்டாளா என்பதற்கு அன்றைய மழைதான் முதல் பரீட்சை.

துபாய் மணியம்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கோபித்து எழுதியிருக்கிறார். மண்வீடு கட்டினேன் என்று ஆரம்பித்தீர்கள், பிறகு விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு முடித்துவிட்டீர்களே என்று கேட்கிறார். நியாயம்தான். எனக்கு வாயைத் திறந்தால் நேராகப் போகத் தெரியாது. புஷ்பமும் இதையேதான் சொல்வாள்.

நான் போனது ஓமான். ஆனால் எங்கள் தோட்டத்தில் வளைகுடா என்றாலே துபாய்தான். அதனால் சுப்பிரமணியமாகப் போன நான் துபாய் மணியமாகத் திரும்பி வந்தேன். ‘ஓமான்’ என்று திருத்தித் திருத்திச் சலித்து விட்டுவிட்டேன்.

போகும்போது நான் மேசன். அங்கே முதலில் பத்து வருஷம் கட்டியதெல்லாம் சீமெந்துக் கட்டடங்கள். ஒவ்வொரு சுவரிலும் ஏசி இரைந்துகொண்டிருக்கும். கரண்ட் போனால் பத்து நிமிஷத்தில் அந்த வீடுகள் பேக்கரிப் போறணை ஆகிவிடும். பாண் மாவை உள்ளே வைத்தால் வெந்துவிடும் என்று நாங்கள் சிரிப்போம்.

கடைசி இரண்டு வருஷம்தான் என் புத்தியை மாற்றியது.

வெயிலைக் குடிக்கும் சுவர்

எங்கள் எஞ்சினியர் அம்மா ஓமான்காரர். சொந்தமாக ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார். ஊருக்கு வெளியே, புல்கூட முளைக்காத இடம். “கொங்கிரீட் வேண்டாம், ஏசி வேண்டாம். இங்கே தோண்டுகிற மண்ணே போதும்” என்று ஹிந்தியில் சொன்னார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு பக்கமும் பலகை கட்டி, நடுவில் கொஞ்சமே கொஞ்சம் ஈரமான மண்ணை ஒரு சாண் உயரத்துக்குப் போடுவோம். திமிசுக் கட்டையால் இடிப்போம். முதலில் தொப் தொப் என்று கேட்கும். இடிக்க இடிக்க மண் பாதியாக இறுகி, டங் டங் என்று கேட்கத் தொடங்கும். அந்தச் சத்தம் வந்தால் அடுத்த சாண். பலகையைக் கழற்றினால் அடுக்கி வைத்த ரொட்டி மாதிரி வரிவரியாகச் சுவர் நிற்கும். ஒரு முழக் கனம்.

பகலெல்லாம் வெயில் அந்தச் சுவரைச் சுடும். சூடு மெதுவாக உள்நோக்கி நடக்கும். மறுபக்கம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அப்போது ஜன்னல்களையும் கூரைமேல் கட்டிய காற்றுக் கோபுரத்தின் வாயையும் திறந்துவிட்டால், பாலைவனத்துக் குளிர்காற்று உள்ளே வந்து அந்தச் சூட்டைத் துடைத்துக்கொண்டு போய்விடும். காலையில் மறுபடி எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். இதுதான் வித்தை. மெஷின் ஒன்றும் இல்லை.

வீடு முடிந்ததும் ஒரு நண்பகல் வேளையில் உள்ளே போனேன். வெளியே மண் காலைப் பொசுக்கியது. உள்ளே தரை குளிர்ந்து கிடந்தது. நான் கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்துக்குத் தோட்டத்தில் புஷ்பம் இறப்பர் மரத்தில் பால் வெட்டி, பால் வாளியை ஸ்டோரில் இறக்கிவிட்டு, வரிசை வீட்டில் தகரக் கூரை காயும் எங்கள் ஒற்றை அறைக்குள், லயக் காம்பராவுக்குள் நுழைந்திருப்பாள் என்று நினைப்பு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு இப்படி ஒரு வீடு கட்டாமல் சாகக்கூடாது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

அவளிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

புற்றுக்கு முட்டை

ஊர் திரும்பிய சில மாதங்களில் எங்களுக்கும் தோட்டத்தில் இன்னும் சிலருக்கும் வீடு கட்ட ஏழேழு பேர்ச் காணி கிடைத்தது. முன்பு இறப்பர்க் கன்றுகள் வளர்த்த தவறணை இருந்த இடம். மேசைபோல மட்டமான நிலம். சரிவு எதுவும் பக்கத்தில் இல்லை. மற்றவர்கள் சீமெந்துக் கல் இறக்கினார்கள். நான் மண்ணைத் தோண்டி, போத்தலில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி, மணல் எவ்வளவு களி எவ்வளவு என்று வாசலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் அது என்ன கஷாயம் என்று கேட்டார்கள்.

மாசி மாதம் அது. காமன் கூத்துக்குத் தப்பு அடித்துப் பழகும் காலம். எங்கள் ஆட்கள் அந்தியில் வேலை முடிந்து வந்து எனக்கு மண் இடித்துக் கொடுத்தார்கள். தப்புக்காரர்களும் என் வாசலிலேயே பழகினார்கள். அடிக்குத் தக்கபடி திமிசு விழுந்தது. ஓமானில் ஒரு நாள் எடுத்த உயரம் இங்கே இரண்டு அந்தியில் எழும்பியது. அந்த மாதம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சிவப்புச் சுவர், மேலே ஒரு கோபுரம். தோட்டத்துக்கு இது போதாதா? ‘புத்துக் கோயில்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “மணியண்ணே, பாம்பு எப்ப குடி வருது?” என்று கேட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தால், சுவரோரம் வாழையிலையில் மஞ்சளும் குங்குமமும் இரண்டு முட்டையும். யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டேன். நல்ல ருசி.

கூரை வேலைக்குக் கீழ்க் கிராமத்திலிருந்து சோமே பாஸ் வந்தார். சிங்களவர், தச்சு வேலையில் கெட்டிக்காரர், என்னைத் தம்பி என்ற பொருளில் ‘மல்லி’ என்பார். அவர் கூரையின் விளிம்பை அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

“மல்லி, வஹலே மதி. கூரை பத்தாது. இன்னும் வெளிய இழுக்கணும்.”

“பாஸ், ஓமான்ல இவ்வளவுகூட வெளிய நீட்டல. சுவர் அப்படியே நிக்குது.”

“ஓமான்வல வெஸ்ஸ தியெனவத?”

ஓமானில் மழை இருக்கிறதா என்று கேட்டார். நான் தேநீர் கொண்டுவரப் போய்விட்டேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: மண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்தால் நல்லது என்று எனக்கே தெரியும். ஓமான் வீட்டில் ஒரு பிடி சீமெந்து இல்லை. என் வீட்டிலும் இருக்காது என்று வீம்பு பிடித்தேன். கருங்கல் அத்திவாரத்தை முழங்கால் உயரத்துக்கு எழுப்பியதுதான் நான் செய்த ஒரே புத்திசாலி வேலை.

அவள் ஏன் வாசலைத் தாண்டவில்லை

இத்தனை கூத்திலும் புஷ்பம் ஒருநாள்கூட உள்ளே வரவில்லை. இடிக்கிறவர்களுக்கு வாளியில் தேநீர் கொண்டுவருவாள், தேங்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுவருவாள், வாசல் கல்லில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சண்டையும் போடவில்லை.

அரநாயக்கப் பக்கம் பெருமழையில் மலை சரிந்து இறங்கிய வருஷம் அவளுடைய தங்கச்சி குடும்பம் அந்தப் பகுதியில்தான் இருந்தது. அவர்கள் தப்பிவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் தப்பவில்லை. புஷ்பம் அங்கே போய்த் தங்கச்சியைக் கூட்டிவந்தாள். வீடுகள் இருந்த இடத்தில் ஈர மண்ணைத் தவிர வேறொன்றையும் அவள் பார்க்கவில்லை.

நான் அப்போது ஓமானில். போனில் “பயப்படாத, பயப்படாத” என்று சொன்னதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. அதற்குப் பிறகு மழை பெய்தால் அவள் கண்ணை மூடுவதில்லை. பகலோ இரவோ, தூறல் கனத்தால் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, லயத்து வாசலில் உட்கார்ந்துவிடுவாள். விட்டால்தான் படுப்பாள். எங்கள் சபரகமுவை மாகாணத்தில் மழை விடுவது எப்போது?

நான் திரும்பி வந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டே அவளுக்கு மண்ணால் வீடு கட்டினேன். என் முட்டாள்தனத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

பலகை கழற்றிய அன்று ஒரே ஒருமுறை சொன்னாள். “நீங்க ஆசையா கட்டுறீங்க, நான் வேணாங்கல. ஆனா மண்ணு தண்ணியில என்னா செய்யும்னு நான் கண்ணால பாத்துட்டேங்க.”

ஒரு மழைக்காலம் என்ற கெடுவையும் அன்றுதான் வைத்தாள்.

பால் வெட்டுகிறவள் கண்

மறுபடி அந்த வைகாசி மழைக்கு வருகிறேன்.

நான் கோபுரத்துக்குக் கீழே ஒரு பெரிய சட்டியை வைத்துவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். தென்மேற்குச் சுவரைப் பார்த்தேன். சுவர் அழுதுகொண்டிருந்தது. மேலிருந்து ஓடிவந்த தண்ணீர் பாதிக்குக் கீழே விரல் விரலாகக் குழி பறித்திருந்தது. அடியில் சிவப்புச் சேறு.

“முடிஞ்சிருச்சு புஷ்பம். நீ சொன்னது சரிதான்” என்றேன்.

அவள் குடையை என் கையில் கொடுத்தாள். சுவருக்குப் பக்கத்தில் போய், தண்ணீர் ஓடும் வழியில் விரலை வைத்தாள். அந்தச் சுவரை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

“மேல பாருங்க. கூரைக்குக் கீழ ஒரு முழத்துக்கு ஒண்ணுமே ஆகல. தண்ணி அங்க மெதுவா வருது. கீழ வர வரத்தான் சேந்து, வேகமெடுத்து, அறுக்குது.”

“அதுக்கு என்ன செய்ய?”

“என்ன செய்யவா? ரெயின் காட் கட்டாத மரம் மாதிரி நிக்க வச்சிருக்கீங்க. எந்த மரத்துல நாங்க இப்படிப் பட்டையில தண்ணிய ஓட விடுறோம்?”

இறப்பர் தோட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மழைத் தண்ணீர் பட்டை வழியே வழிந்து வந்தால் பாலோடு கலந்துவிடும். அதற்காகப் பட்டையில் சாய்வாகப் போடும் வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றித் தார் பூசி, பொலித்தீனைக் கொசுவி ஒட்டுவார்கள். அதுதான் ரெயின் காட், மழைக் காப்பு. பார்த்தால் மரங்கள் வரிசையாகப் பாவாடை கட்டிக்கொண்டு நிற்பது போலிருக்கும். அது மழையைத் தடுப்பதில்லை. பட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கும் தண்ணீரை அங்கேயே பிரித்து வெளியே சொட்ட வைக்கும். இருபது வருஷமாகப் புஷ்பம் செய்துவந்த வேலை. நான் அந்த மரங்களுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவன். எனக்கு உறைக்கவே இல்லை.

மழை விட்ட இரண்டாம் நாள் வேலை தொடங்கியது. பொலித்தீன் வேண்டாம், உடைந்த கூரை ஓடுகள் போதும். அவற்றைச் சுவருக்குள் பாதி பதித்து இரண்டு விரல் வெளியே நீட்டினால் அதுவே பாவாடை என்று முடிவு செய்தோம். நான் மேசனல்லவா? மட்டப்பலகை வைத்து, நூல் பிடித்து, நேராக ஒரு கோடு போட்டேன். புஷ்பம் அதை உள்ளங்கையால் அழித்தாள்.

“மட்டமா வச்சா தண்ணி எங்க போறதுன்னு தெரியாம நின்னு ஊறுங்க. சாச்சு விடணும்.”

“எவ்வளவு சாய்க்கணும்? அளவு சொல்லு.”

அவள் அளவு சொல்லவில்லை. இடுப்பிலிருந்து பால் வெட்டுக் கத்தியை எடுத்தாள். இடது பக்கம் மேலே வைத்து, வலது பக்கம் கீழே இழுத்தாள். ஈரமண்ணில் ஒரே இழுப்பு. இரண்டடி நகர்ந்து மறுபடி ஒரே இழுப்பு. சுவரின் கடைசிவரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நான் நூலைப் பிடித்துச் சோதித்தேன். எங்கேயும் ஒரு விரல் பிசகவில்லை. சோமே பாஸ் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

குழிகளைச் சுண்ணாம்பு கலந்த மண்ணால் அடைத்தோம். அவள் வெட்டிய சாய்கோடுகளில் ஓட்டுத் துண்டுகளைச் சுண்ணாம்பில் பதித்தோம். ஒரு முழத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியின் தாழ்ந்த முனையிலும் ஒரு வளைந்த ஓடு, தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளி விட. சோமே பாஸ் என்னிடம் எதுவும் கேட்காமல் கூரையை இரண்டடி வெளியே இழுத்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கோபுரத்தின் வாயை அடைத்து எதிர்ப்பக்கம் திறந்தோம். இப்போது அது காற்றைப் பிடிப்பதில்லை. வீட்டுக்குள் எழும்பும் சூட்டை மேலே இழுத்து வெளியே விடுகிறது. “இது என்னா ஜெயிலா?” என்று புஷ்பம் கேட்டதால் ஜன்னல்களையும் இரண்டு மடங்காக்கி எதிரும் புதிருமாக வைத்தோம். பாலைவனத்தில் காற்றைப் பகலில் பூட்டி வைக்க வேண்டும். எங்கள் ஊரில் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

வேலை முடிந்து தூரத்தில் நின்று பார்த்தேன். என் வீடு பால் வெட்டிய இறப்பர் மரமாகவே மாறியிருந்தது. படம் பிடித்து ஓமானுக்கு அனுப்பினேன். அன்றே எஞ்சினியர் அம்மாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. “மணி, இதைச் சாய்த்து வைக்கச் சொன்ன எஞ்சினியர் யார்?” என்று கேட்டிருந்தார். “மேரி பீவி” என்று ஹிந்தியில் பதில் அனுப்பினேன்: என் மனைவி. என் வாழ்க்கையில் இவ்வளவு பெருமையோடு இரண்டு வார்த்தைகள் நான் சொன்னதில்லை.

புஷ்பத்திடம் அதைப் போட்டுக் காட்டி, அர்த்தமும் சொன்னேன். இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவையும் போடச் சொன்னாள். “அந்தம்மாவுக்கு வேற வேல இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனாலும் வாசலைத் தாண்டவில்லை. “இன்னும் மழைக்காலம் முடியலீங்க.”

ஆடி மாதத்து மத்தியானம்

ஒருநாள் நான் தெஹியோவிட்டவுக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதே வானம் இருண்டு கொட்ட ஆரம்பித்துவிட்டது. இறங்கியவன் நேராக லயத்துக்கு ஓடினேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்பதுதான் நினைப்பு.

வாசலில் அவள் இல்லை. கதவு சாத்தியிருந்தது. அடுத்த காம்பராக்காரி எட்டிப் பார்த்து, “அக்கா அப்பவே பெரட்டுக்களம் பக்கமா போச்சுங்கண்ணே” என்றாள்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தக் களத்துப் பாதை புது வீட்டுக்குத்தான் போகிறது. சுவருக்கு என்னவோ ஆகிவிட்டது, பார்க்க ஓடியிருக்கிறாள் என்று நினைத்தேன். நானும் ஓடினேன். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினேன்.

சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு வரியிலும் தண்ணீர் சரிந்து ஓடி, முனையில் கம்பியாக விழுந்துகொண்டிருந்தது. வரிகளுக்கு இடையில் மண் மழையில் இருண்டிருந்தது, ஆனால் ஒரு கீறல் இல்லை. சுற்றி வந்தேன். அவள் இல்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன்.

கூடத்துத் தரையில், தென்மேற்குச் சுவரை ஒட்டி, புஷ்பம் படுத்திருந்தாள். வந்து தொட்டுப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது; உள்பக்கம் ஈரமா என்று பார்க்க வைத்த கை அப்படியே சுவரில் இருந்தது. சேலைத் தலைப்பைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சன்னமாகக் குறட்டை.

அந்த முழக் கனச் சுவருக்குள் மழை எங்கேயோ தூரத்தில் பெய்வதுபோல் கேட்டது. தகரக் கூரையின் இரைச்சல் இல்லை. ஜன்னலிலிருந்து ஜன்னலுக்குக் காற்று ஓடியது. அவள் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

ஊர் திரும்பிய பிறகு மழை பெய்யும்போது அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. நான் அங்கேயே ஒரு கால் செருப்போடு உட்கார்ந்து அழுதேன். சத்தம் வராமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. நடுவில் சோமே பாஸ் ஏதோ கேட்க வந்தார். உதட்டில் விரல் வைத்தேன். எட்டிப் பார்த்தார். தலையிலிருந்த சாக்கை எடுத்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே, வந்த வழியே கால் சத்தமில்லாமல் போய்விட்டார்.

நெடுநேரம் கழித்துப் புஷ்பம் கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று புரியக் கொஞ்ச நேரமானது. என்னைப் பார்த்தாள்.

“மழ விட்டுருச்சாங்க?”

“இல்ல. இன்னும் பெய்யுது.”

காதைக் கொடுத்துக் கேட்டாள்.

“அப்ப இன்னும் கொஞ்ச நேரம் படுக்குறேன்” என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.